வளவுக்குள் வளரும் புகையிலை

புகையிலை பற்றிப் பேசும்போது நாம் அனேகமாக அதை விற்பவனைப் பற்றியே பேசுகிறோம். கம்பனிகளின் இலாபம், விளம்பரங்களின் வஞ்சகம், பாடசாலைக்கு அருகே திறந்திருக்கும் கடை, ஒரு கையால் வரி அறவிட்டு மறு கையால் எச்சரிக்கைப் படம் அச்சிடச் சொல்லும் அரசு என நமது கண்டனங்கள் ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு விற்பனையாளன் நிற்கிறான். அவனை அப்புறப்படுத்திவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சும்? ஒருவர் தன் வளவில் தானே விதைத்து, தானே தண்ணீர் ஊற்றி, தானே உலர்த்தித் தன் பாவனைக்கு மட்டும் புகையிலை வளர்க்கிறார். யாரையும் ஏமாற்றவில்லை. யாருக்கும் விற்கவில்லை. அவர் செய்வது பிழையா? பிழையென்றால் அது யாருக்கு எதிரான பிழை?

இவ்வினாவை என்னிடம் எழுப்பியவர் எனது மச்சான், ராத்தாவின் கணவர். எழுபதை எட்டிக்கொண்டிருப்பவர். அவரது கிணற்றடியில் பதினைந்து புகையிலைச் செடிகள் நிற்பதை ஊரில் எல்லோரும் அறிவர். பகலில் வெற்றிலையோடு ஒரு துண்டு, மாலையில் தானே சுற்றிய ஒரு சுருட்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் கடைப் பொருள்கள் அனைத்தினதும் விலை ஏறியபோது, பழைய கமக்காரரான அவர் பழக்கத்தைக் கைவிடவில்லை, கடையைக் கைவிட்டார். சென்ற வருடம் அவரது கிணற்றில் உவர் ஏறிவிட்டது. அடுத்த போகத்துக்கு நாற்றுப்பாத்தி போட எனது வளவில் ஒரு மூலை தரமுடியுமா எனக் கேட்டார். என் முகத்தில் எதைக் கண்டாரோ, கேட்ட கையோடு வாதத்தையும் வைத்தார்.

“நான் ஆருக்கிட்டயும் வாங்கல்ல மச்சான், ஆருக்கும் விக்கவுமில்ல. என்ட வளவு, என்ட கை, என்ட வாய். இதுல என்ன பாவம்?”

அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. மூன்று சொற்களில் ஓர் உரிமைக் கோட்பாட்டையே அவர் சொல்லிவிட்டார். அதனை மரியாதையோடு பரிசீலிக்க வேண்டும் என்றே எனக்குப் பட்டது.

முதலில் அவரது பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். புகையிலை சோம்பேறியின் பயிரல்ல. அதன் விதை தூசு போன்றது. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் அதிகமான விதைகள் இருக்கும். சாம்பலோடு கலந்து தூவாவிட்டால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். நாற்று எழும்பி, ஒன்றரை இரண்டு மாதத்தில் பிடுங்கி நட்டு, வெயிலுக்கு மறைப்புக் கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். பூ முகம் காட்டியதும் நுனியைக் கிள்ள வேண்டும். இலைக்கும் தண்டுக்கும் இடையில் வரும் பக்கத் தளிர்களை ஓயாமல் ஒடிக்க வேண்டும். பிறகு வெட்டி, வதக்கி, தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் இவ்விதம் பாடுபட்ட தலைமுறைகள், தம் புகையிலையைக் கடல் கடந்து திருவிதாங்கூருக்கு அனுப்பிய பணத்தில் வீடு கட்டின. பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அந்த வியர்வையை இழிவாகப் பேச எனக்கு மனம் வராது. நெற்றி வியர்வையில் உண்பதைப் பெருமையாகக் கருதும் சமூகம் நமது சமூகம். மச்சானின் பதினைந்து செடிகளும் அந்தப் பெருமையின் ஒரு துளியைக் கோருகின்றன.

வீட்டுப் புகையிலையைக் குற்றமாக்கிய அரசுகளின் வரலாறும் அவருக்கே சாதகமானது. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604இல் புகைத்தலை வெறுத்து ஒரு நூலே எழுதி வெளியிட்டவர். அவரே 1619இல் இங்கிலாந்து மண்ணில் புகையிலை பயிரிடுவதைத் தடை செய்தார். வெறுப்பின் காரணமாகவே தடுத்தார் என நினைத்தால் அது அப்பாவித்தனம். வேர்ஜீனியாவிலிருந்து கப்பலில் வந்த புகையிலை தாராளமாக இறங்கியது. அதன்மேல் தீர்வை கிடைத்தது. உள்நாட்டு உழவன் வளர்த்த இலைதான் கண்ணை உறுத்தியது. 1652இல் பாராளுமன்றமும் அத்தடையைச் சட்டமாக்கியது. குளொஸ்டர்ஷயரின் வின்ச்கம் பகுதி உழவர்கள் பணிய மறுத்தார்கள். அவர்களது வயல்களை அழிக்கப் படையினர் அனுப்பப்பட்டார்கள். அந்தத் தடை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏட்டில் இருந்தது. இன்றும் அவுஸ்திரேலியாவில் அனுமதிப்பத்திரம் இன்றிச் சொந்தப் பாவனைக்கு ஒரு செடி வளர்ப்பதும் குற்றம். ஐக்கிய அமெரிக்காவில் தனக்காக மட்டும் வளர்ப்பவரை வரி தீண்டுவதில்லை. ஒரே இலை ஒரு தேசத்தில் குற்றமாகவும் இன்னொன்றில் தோட்டக்கலையாகவும் இருக்கிறது. இவ்வேறுபாடு இலையிலிருந்து வரவில்லை. கஜானாவின் கணக்கிலிருந்து வருகிறது. ஆகவே அரசு தடுத்தது என்பதால் மட்டும் ஒரு செயல் ஒழுக்கக்கேடு ஆகிவிடாது.

ஈரானின் கதை இதைவிடச் சிக்கலானது. 1890இல் காஜார் மன்னர் நாசிருத்தீன் ஷா, அந்நாட்டுப் புகையிலையின் உற்பத்தி, விற்பனை, ஏற்றுமதி அனைத்தின் ஏகபோகத்தையும் டால்பொட் என்ற ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார். உழவன் தன் நிலத்தில் விளைந்ததை அந்நியனுக்கே விற்க வேண்டிய நிலை. 1891 டிசம்பரில், சாமர்ராவில் வாழ்ந்த மிர்சா ஹஸன் ஷீராஸியின் பெயரால் ஒரு பத்வா பரவியது. ஈரான் முழுவதும் ஹூக்காக்கள் அணைந்தன. அரண்மனைப் பெண்களும் தம் ஹூக்காக்களை ஒதுக்கி வைத்தார்கள் என்கிறது வரலாறு. 1892 ஜனவரியில் ஒப்பந்தம் இரத்தானது. தடை நீங்கியதும் மக்கள் மீண்டும் புகைத்தார்கள். அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் அது விடை கண்டது ஒரே ஒரு வினாவுக்கு: இலை யாருடையது? இலை என்ன செய்கிறது என்ற வினா, ஏகபோகத்தை விரட்டிய பின்னரும் தீண்டப்படாமல் அப்படியே கிடந்தது.

மச்சானின் வாதமும் இங்கேதான் நிற்கிறது. இலை தன்னுடையது என்று நிரூபித்துவிட்டார். அதனால் மற்ற வினாவுக்கும் விடை கிடைத்துவிட்டது என எண்ணுகிறார்.

நமது மார்க்க அறிஞர்கள் அந்த மற்ற வினாவோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடியாதலால் மூலாதாரங்களில் அதற்குப் பெயர் இல்லை; ஒப்புநோக்கியே தீர்ப்புக் காண வேண்டியிருந்தது. பதினேழாம் நூற்றாண்டு எகிப்தில், ஒரே மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த இரு பெரியார்களில் இப்ராஹீம் அல்-லகானி புகைத்தலை எதிர்த்து எழுதினார். அலி அல்-அஜ்ஹூரி ஆகுமென்று எழுதினார். டமஸ்கஸின் அப்துல் கனி அந்-நாபுலுஸியும் ஆகுமென்ற பக்கமே நின்று தனிநூல் செய்தார். உதுமானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் மரண தண்டனையோடு புகைத்தலைத் தடை செய்தபோது என்ன நடந்தது என்பதைக் காதிப் செலபி 1656இல் எழுதிய நூலில் பதிந்திருக்கிறார். தண்டனை நிறைவேறும் இடத்திலேயே சட்டைக் கைக்குள் சிறு குழாயை மறைத்து வைத்துப் புகைத்த சிப்பாய்கள் இருந்தார்களாம்.

ஆகுமென்று எழுதியவர்களை இன்று எள்ளி நகையாடுவது எளிது. அவர்களுக்குத் தெரிந்த மருத்துவத்தில் தீங்கு தெளிவாக இருக்கவில்லை. தீங்கு நிறுவப்படாத ஒன்றை மனிதர் மீது விலக்காக்கத் தயங்கியது அவர்களது நேர்மை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் மருத்துவச் சான்றுகள் குவிந்தபோது, அதே நேர்மைதான் பல அறிஞர்களை மறுபக்கம் நகர்த்தியது. தீங்கை அகற்ற வேண்டும் என்ற சட்டக்கலை விதி அன்றும் இன்றும் ஒன்றே. மாறியது தீங்கைப் பற்றிய நமது அறிவு. அந்த அறிவு கடையில் வாங்கிய இலையையும் கிணற்றடியில் முளைத்த இலையையும் வேறுபடுத்துகிறதா? மச்சானின் மூன்று சொற்களையும் இவ்விடத்தில் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ‘என்ட கை’. கம்பனிக்காரன் கலக்கும் இரசாயனம் எதுவும் தன் இலையில் இல்லை என்பது அவரது நம்பிக்கை. பல படித்தவர்களும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் நிகொட்டினை யாரும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. புழுபூச்சியிலிருந்து தன்னைக் காக்க அச்செடி தன் வேரில் சமைத்து இலைக்கு அனுப்பும் நஞ்சு அது. நுனியைக் கிள்ளும்போது இலையில் அது இன்னும் கூடுகிறது; நல்ல கமக்காரனின் கைப்பக்குவம் நஞ்சை வளர்க்கும் பக்குவமாகவும் இருக்கிறது. புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன் வகைப் பொருள்கள் பெரும்பாலும் இலையைப் பதப்படுத்தி உலர்த்தும் காலத்தில் உருவாகின்றன. தாரும் காபன் மொனொக்சைட்டும் எந்த இலையை எரித்தாலும் வரும். கை சுத்தமாக இருக்கலாம். அதனால் கையில் உள்ள பொருள் சுத்தமாகிவிடாது. நேர்மையாக உழைத்தேன் என்பது உழைப்பைப் பற்றிய சாட்சியம். விளைந்ததைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அது முழுவதும் அவரது கையும் அல்ல. வெட்டிய இலையைக் கோர்த்துத் தொங்கவிடுபவர் ராத்தா. பனி ஈரத்தோடு பச்சை இலையைத் தொட்டு வேலை செய்தால் நிகொட்டின் தோல்வழியே உடலில் ஏறும். தலைச்சுற்று, குமட்டல், வாந்தி வரும். புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்வோரிடம் காணப்படும் அறியப்பட்ட நோய் இது. ஒவ்வொரு அறுவடையின் போதும் ராத்தா இரண்டு நாள் படுத்துக் கிடப்பதை நாங்கள் பித்தம் என்றே சொல்லி வந்தோம். ராத்தா வாழ்நாளில் புகையிலையை வாயில் வைத்தவரல்லர். ‘என்ட கை’ என்ற சொல்லுக்குள் இன்னொருவரின் கை மறைந்திருக்கிறது. அதற்குக் கூலியும் இல்லை, கேள்வியும் இல்லை. தோட்ட முதலாளியிடம் தொழிலாளி முறையிடலாம். வீட்டுத் தோட்டத்தில் யாரிடம் முறையிடுவது?

இரண்டாவது ‘என்ட வளவு’. மிளகாய், தக்காளி, கத்தரி, புகையிலை எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். புகையிலையில் வரும் தேமல் நோய்க்கான வைரஸைப் பற்றி 1898இல் பெயரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி ஆராய்ந்து எழுதினார். வைரஸ் என்ற கருத்தே அந்த ஆய்வுகளோடுதான் வளர்ந்தது. அந்த வைரஸ் உலர்ந்த இலையிலும் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. புகையிலையைத் தொட்ட கையால் மிளகாய்க் கன்றைத் தொட்டால் அதற்கும் தொற்றலாம். அதனால்தான் தக்காளித் தோட்டத்தில் நுழையுமுன் கையைக் கழுவு என்று புகைப்பவருக்குச் சொல்கிறார்கள். வேலி என்பது நாம் போட்டுக்கொண்ட எல்லை. செடிக்கும் கிருமிக்கும் அது தெரியாது. புகைக்கும் தெரியாது. அதே வளவுக்குள் ஒரு பேரப்பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிறான். அப்பாவின் சுருட்டுக்கு இலை எடுத்துக் கொடுப்பதும் அவனுக்கு ஒரு விளையாட்டே. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி இந்நாட்டில் இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருளை விற்கக்கூடாது. கடைக்காரன் அந்தச் சட்டத்துக்கு அஞ்சுவான். வீட்டுத் திண்ணையில் பாசத்தோடு நடக்கும் பயிற்சிக்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது.

மூன்றாவது ‘என்ட வாய்’. இதுதான் மூன்றிலும் வலிமையானது. தன் உடலைத் தான் விரும்பியவாறு செய்துகொள்ளும் சுதந்திரம். உடல் இறைவன் தந்த அமானிதம் என்று ஒரே வாக்கியத்தில் இதற்குப் பதில் சொல்லிவிடலாம். அந்த நம்பிக்கை எனக்குண்டு, மச்சானுக்கும் உண்டு. ஆனால் அவர் அறிந்ததையே அவருக்குச் சொல்வதால் உரையாடல் நகராது. சுதந்திரம் என்ற அவரது சொல்லை அதன் அர்த்தத்திலேயே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

எங்கள் மூத்தம்மா கடைசிவரை வெற்றிலை போட்டவர். வட்டா எப்போதும் பக்கத்தில் இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் தழும்பு வந்து, அது புண்ணாகி, மஹரகமைக்குக் கொண்டுபோகும்போது காலம் கடந்திருந்தது. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விடயம். பாக்கே அத்தகையது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதிசெய்தது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. மூத்தம்மாவின் இறுதி மாதங்களில் அவருக்குக் கஞ்சி பருக்கியவர் உம்மா. வாய் மூத்தம்மாவினுடையது. அந்த வாய்க்குக் கரண்டி பிடித்த கை வேறொருவருடையது. நோயுற்ற உடல் எப்போதும் ஒரு குடும்பத்தின் உடலாகிவிடுகிறது. மச்சான் அதை அறியாதவரல்லர். மூத்தம்மாவின் சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொரு விடயமும் என்னை யோசிக்க வைத்தது. கடையில் வாங்குபவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு தடை உண்டு. கையில் காசில்லை, கடை பூட்டியிருக்கிறது, மழை பெய்கிறது. நிறுத்திவிட நினைப்பவருக்கு அந்தத் தடைகள் சிறு உதவிகள். தானே வளர்ப்பவரின் முகட்டில் ஒரு வருடத்துக்குரிய இலை தொங்குகிறது. மேலும், வாங்குவது அந்த நேரத்து இச்சையின் செயல், விதைப்பது அப்படிப்பட்டதல்ல. நான்கு மாதங்களுக்குப் பின் தனக்கு இது வேண்டியிருக்கும் என்று இன்றே தீர்மானித்து, அந்தத் தீர்மானத்துக்குத் தினமும் இருவேளை தண்ணீர் ஊற்ற வேண்டும். செயல்களை நிய்யத்தைக் கொண்டு அளக்கும் நமக்கு இவ்விரண்டும் ஒன்றாகாது. பழக்கத்துக்கு அடிமையானவர் என்று கடை வாடிக்கையாளருக்குக் காட்டும் இரக்கத்தை விதை தூவும் கைக்கு அப்படியே காட்டுவது கடினம்.

ஆனால் இதே நிலையிலிருந்து இன்னொன்றும் பிறக்கிறது. பெட்டியில் எத்தனை சிகரட் இருக்க வேண்டும், எந்த இடத்தில் கடை இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவன் கம்பனிக்காரன். மச்சானின் அளவைத் தீர்மானிப்பவர் மச்சானே. பதினைந்து செடியைப் பத்தாக்கவும், பத்தை ஐந்தாக்கவும், ஒரு போகம் விதைக்காமல் விடவும் யாரிடமும் அவர் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பீடி வாங்கும் கூலித் தொழிலாளிக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இது. கம்பனியும் கடையும் விளம்பரமும் இல்லாத இடத்தில் பழிபோட எவரும் இல்லை என்பது உண்மை. பொறுப்பு முழுவதும் ஒரே இடத்தில் வந்து சேர்கிறது என்பதும் அதே உண்மைதான். உடைமை பொறுப்பைக் குறைக்கும் என்று அவர் வாதிட்டார். அது பொறுப்பைப் பெருக்குகிறது என்பதே எனது முடிவு. சொந்தப் பணத்தில் ஸகாத் கடமையாவது போல, சொந்த வளவிலும் கணக்கு உண்டு.

நான் மச்சானிடம் நாற்றுப்பாத்திக்கு இடமில்லை என்றேன். மிளகாய்க்கும் கத்தரிக்கும் எனது கிணற்றுத் தண்ணீரும் வளவின் கீழ்ப்பக்கமும் அவருக்கே என்றும் சொன்னேன். ராத்தாவின் ‘பித்தம்’ எதனால் வருகிறது என்பதையும் சொன்னேன். கையுறை, ஈரம் காயும் வரை பொறுத்தல், வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுதல் ஆகிய மூன்றையும் இந்தப் போகத்திலேயே செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தடுப்பதை மட்டும் சொல்லி, இருக்கும் ஆபத்தைக் குறைக்கும் வழியைச் சொல்லாமல் விடுவது ஒழுக்கம் ஆகாது. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அவ ஒண்ணும் சொல்லல்லியே” என்றார். அந்த ஒரு வசனம் அவரை நோகச் செய்தது என்பதை நான் கண்டேன். பிறகு உப்புத் தண்ணீருக்கே எட்டுச் செடி நட்டார். கோர்க்கும் வேலையைத் தானே செய்கிறார் என்று ராத்தா சொன்னார்.

எட்டு என்பது பூச்சியம் அல்ல. அதை வெற்றியென்று நான் எழுதப் போவதில்லை. உலகில் ஆண்டுக்கு எழுபது இலட்சத்துக்கும் அதிகமானோரைப் புகையிலை கொல்கிறது என்று கணக்கிடப்பட்டுள்ளது. அந்த மரணங்களின் வியாபாரத்தையும் ஒரு முதியவரின் கிணற்றடியையும் ஒரே தராசில் வைக்க எனது மனச்சாட்சி இடம் தராது. பெரிய அநீதியோடு மோத வலுவில்லாத சமூகங்கள் சிறிய மனிதரைக் கடிந்து ஆறுதல் அடைவதுண்டு. நமது மிம்பர்களிலும் இலக்கிய மேடைகளிலும் அது நடக்கிறது. சிறியவரைக் கடியாமல் விடுவதற்கு அவர் செய்வது சரி என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. அவரை நம் சமமானவராக மதித்து, அவரது வாதத்தை அதன் முழு வலிமையோடு கேட்டு, அதற்குள் அவர் பார்க்காமல் விட்ட மனிதரைச் சுட்டிக்காட்டினால் போதும்.

என் வளவு, என் கை, என் வாய் என்ற வரிசையில் நாம் ஒவ்வொருவரும் எதையோ வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அது புகையிலையாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. கோபமாக இருக்கலாம், மகளின் படிப்பை நிறுத்திய ஒரு கௌரவமாக இருக்கலாம். எனக்குச் சொந்தமானது என்று சொல்லும்போது, அதற்குத் தண்ணீர் சுமப்பவர் யார், அதைக் கோர்ப்பவர் யார், அதன் புகையைச் சுவாசிப்பவர் யார் என்று கேட்டுக்கொள்ளலாம். கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் நமது வீட்டுக்குள்ளேயே, ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்.